அடுத்தடுத்த காற்று

நேற்று வந்திறங்கிய சர்மிளா, போனைச் சட்டியில் சாய்த்து வைத்து, பலெர்மோவில் தான் வேலை செய்யும் வீட்டுக்காரியோடு இத்தாலிய மொழியில் பேசிச் சிரித்தாள். எதிரே இறால் உரித்துக்கொண்டிருந்த பீற்றிஸ், தங்கையின் மேடிட்ட வயிற்றைப் பார்க்காமலிருக்கத் தன் விரல்களையே பார்த்தாள். பேச்சில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. போன் அடங்கியதும் கேட்டாள்.

"அதென்னடி, றாஃபிகா றாஃபிகா எண்டு?"

"ஆ றாஃபிகா. காத்து விட்டுவிட்டு அடிக்குமெல்லா, அப்பிடி. ஒண்டு ஓய முதல் மற்றது வந்திரும். என்ர கதையைத்தான் மனிசி சொல்லுது. கலியாணம், விசா, வேலை, இப்ப புள்ள. மூச்சு விட நேரமில்லையாம் எனக்கு."

பீற்றிஸுக்கு மூச்சு விட நேரம் நிறைய இருந்தது. தேற்றாத்தீவில், இந்த வீட்டுக்கு, அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் வீட்டைத்தான் சுற்றிப் பார்த்தார்கள். தாய்வீடு மூத்த பெண்ணுக்கு என்பது ஊர் வழக்கம். கலியாணத்தோடு அவள் பெயருக்கு எழுதுவார்கள். அந்த நம்பிக்கையில் ஓடு மாற்றி, கிணற்றடிக்குச் சீமெந்து பூசி, கலியாணம் வராமலே நாற்பதைத் தொட்டுவிட்டாள். தங்கைக்கு அந்தக் காற்றெல்லாம் எப்போது அடித்தது? தான் சோறாக்கிக்கொண்டிருந்தபோதா, அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோதா?

அம்மா புஸ்பம் முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"பொம்புளப் புள்ளயாம் பீற்றிஸ்! இந்த வீட்டை சர்மிளாவுக்கே எழுதிப்போடுவம். பிறகு அந்தப் புள்ளைக்குப் போய்ச் சேரும்."

இறாலின் முள் பீற்றிஸின் விரலில் ஏறியது.

"அப்ப நான்?"

"உன்னை ஆர் கா போகச் சொன்ன? இவள் அங்க, நீ இஞ்ச. வீட்டைப் பாத்துக்கொண்டு இரி."

சர்மிளா தானும் ஓர் இறாலை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

கடல் பக்கமிருந்து காற்று எழுந்தது. அம்மா காலையில் அலசிக் காயப்போட்டிருந்த, பலெர்மோவில் வாங்கிய குழந்தை உடுப்புகள் கொடியில் துள்ளின. ஒரு வெள்ளைக் காலுறை கழன்று பறந்து, வளவின் பின்னால் வாவிக்குள் விழுந்தது.

"அக்கா, பிடி! போகுது!"

பீற்றிஸ் பாவாடையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். எட்டி எடுத்தாள். அந்தச் சின்னக் காலுறைக்குள் அவளுடைய இரண்டு விரல்கள்தான் நுழைந்தன. முள் ஏறிய விரலின் சிவப்பு, ஈர வெள்ளையில் மெல்ல ஊறியது.

"கிடைச்சிற்றா?" கரையிலிருந்து சர்மிளா கேட்டாள்.

அடுத்த காற்று பீற்றிஸின் முதுகில் வந்து மோதியது. மடக்கியிருந்த விரல்களை நீட்டினாள். காலுறை விரல் நுனிவரை நழுவி, தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.