நீக்கப்பட்டவை: வரி பதினேழு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பட்டியலிலிருந்து கிடைத்தது. கணினி அப்டேட் ஆகிக்கொண்டிருந்த இருபது நிமிடத்தில், வேறு வேலையில்லாமல் வாசித்த பட்டியல். வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் ஒன்றின் புதிய பதிப்பில் என்னென்ன மாறியிருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. புதியவை, சரிசெய்யப்பட்டவை, நீக்கப்பட்டவை. மூன்றாவது தலைப்புவரை யாரும் போவதில்லை. நான் போனேன். ஏதோ ஒரு பழைய வசதியை எடுத்துவிட்டார்களாம். 'பயன்படுத்துவோர் மிகக் குறைவு' என்று ஒரு சமாதானமும் பக்கத்தில்.

குறைவு என்றால் எத்தனை பேர்? அவர்களில் ஒருவர் நாளைக் காலை என்ன செய்வார்? அதைவிட, அந்த வரியை எழுதிய ஆள் யார்?

அன்றிலிருந்து எழுதுகிறேன். சரியாக வரவில்லை. வந்தவரைக்கும் தருகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'ஜன்னல் வழியே காலை வெயில் மெல்ல…'

(வேண்டாம். அவருடைய ஜன்னல் கட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பிப் பார்க்க அவரால் முடியாது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஓர் அண்ணன், ஒரு தங்கை. அண்ணன் கட்டட இன்ஜினியர். எட்டு வருடத்துக்கு முன் சாரம் சரிந்து இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பேசுவார், ஆனால் மூச்சு மூன்று நான்கு சொல்லுக்கு மேல் தாங்காது. தாடைக்கடியில் ஒரு பொத்தான் பொருத்தியிருக்கிறார்கள். அதை அழுத்தி அழுத்தித்தான் திரையில் அம்புக்குறியை நகர்த்துவார். பழைய கம்பெனியே வேலை கொடுத்திருக்கிறது: கட்டிலில் இருந்தபடியே, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கணினியைத் திறந்து, வரைபடங்களில் தப்பு கண்டுபிடிப்பது. மற்றவர்கள் ஒரு நாளைக்குப் பத்து பார்த்தால் இவர் மூன்று. ஆனால் ஏழாவது படி அரை அங்குலம் உயரம் கூடுதல் என்பது இவர் கண்ணில்தான் படும். 'இதில் ஏறினால் விழுவான்' என்று ஓரத்தில் எழுதுவார். விழுந்தவர் எழுதுவதால் யாரும் மறுப்பதில்லை.

தங்கை, அதே ரிமோட் டெஸ்க்டாப்பைச் செய்யும் கம்பெனியில் அந்தப் பட்டியல்களை எழுதுபவள்.

3

இந்தத் தங்கைமேல்தான் எனக்குச் சந்தேகம்.

முதல் வரைவில் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினேன். அண்ணனின் பொத்தான் எந்தக் கம்பியில் ஓடுகிறது என்பதே அறியாத அப்பாவி. எழுதி முடித்ததும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அந்தப் பொத்தானை மாட்டிக்கொடுத்ததே அவள்தான். கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்து, கணினியின் பின்பக்கத்தில் சீரியல் போர்ட் என்ற பழைய காலத்துத் துளையில் ஒயரைச் செருகியவள்.

இரண்டாவது வரைவில் தெரிந்தே எழுதினாள் என்று வைத்தேன். அதுவும் பொய். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

மூன்றாவது வரைவுதான் நிற்கிறது. ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு முன் முப்பத்திரண்டு வரிகளை முடித்தாக வேண்டும். பதினேழாவது வரி: 'சீரியல் போர்ட் இணைப்பு இனி இல்லை. பயன்படுத்துவோர் மிகக் குறைவு.' முதலில் 'வெகு சிலரே பயன்படுத்துகிறார்கள்' என்று போட்டிருந்தாள். நீளம் என்று திருத்தினாள். பதினெட்டுக்குப் போனாள். அண்ணன் அவள் நினைவில் எங்கேயும் வரவில்லை.

(கெட்டவளாக்கியிருந்தால் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.)

4

ஒரு திங்கட்கிழமை அண்ணனின் அலுவலகத்தில் புதிய பதிப்பைப் போட்டார்கள். ஒன்பது மணிக்கு அவர் பொத்தானை அழுத்தினார். அம்புக்குறி நகரவில்லை. ஒயர் போய்விட்டது என்று நினைத்து அண்ணி கழற்றிக் கழற்றி மாட்டினாள். பதினோரு மணிக்குத் தங்கையைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் வேலை செய்யலம்மா. அழுத்திக்கிட்டே இருக்கார். தாடையெல்லாம் செவந்துபோச்சு. விடுங்கன்னாலும் கேக்க மாட்டேங்கறார்."

"என்னைக்குலேர்ந்து அண்ணி?"

"இன்னைக்குக் காலையிலேர்ந்துதான். வெள்ளிக்கிழமைகூட நல்லா இருந்துச்சே."

தங்கைக்கு அப்போதுதான் பதினேழு நினைவுக்கு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள் என்று… (பிடித்துக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டு, தான் எழுதியதைத் திறந்து, திரும்பவும் வாசித்தாள். அவ்வளவுதான்.)

5

டீம் லீடர் நல்ல மனிதர். இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. அவரை வில்லனாக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

"மொத்தமே நாலு பேர்தான் யூஸ் பண்றாங்க. அந்த நாலு பேருக்காக ஒரு பெரிய ஓட்டையைத் தொறந்து வெச்சிருக்கோம். யாரு வேணா உள்ள பூந்துடலாம்."

"அந்த நாலு பேர்ல ஒருத்தர் எங்கண்ணன் சார்."

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியது, நிஜமாகவே.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. போன மாசம் லிஸ்ட்டை உங்க கையிலதானே கொடுத்தேன்?"



அண்ணனின் அலுவலகம் அவருக்காக மட்டும் பழைய பதிப்பை ஆறு வாரம் வைத்திருந்தது. அதற்குள் கண்ணசைவைப் பிடிக்கும் கருவி ஒன்றை வாங்கினார்கள். விபத்துக்குப் பிறகு அவருடைய விழிகள் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும்; வரைபடம் பார்க்க அது தடையில்லை, கருவிக்குத்தான் தடை. அம்புக்குறி திரை முழுக்கத் துடித்தது. அந்தப் பொத்தானைச் செய்துகொடுத்த ஆள் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். புதுவிதமாகச் செய்கிறேன் என்று வந்தவர் ஒருவர் இரண்டு மாதம் கேட்டார். ஏழாவது வாரம் வேலை போனது. மிகவும் மரியாதையான கடிதம்; காரணமாக அந்தப் பதினேழாவது வரியையும் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

6

முடிவுகள். நாலு பேரில் இன்னொருவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து அனுப்புகிறார், அம்புக்குறி நகர்கிறது: எழுதினேன், எனக்கே சிரிப்பு வந்தது, அடித்துவிட்டேன். அண்ணன் இறந்துபோகிறார்: அதை எழுத ஒரு பத்தி போதும், எனக்கு நிம்மதியாகவும் இருக்கும். அதனாலேயே எழுதவில்லை. அவர் இருக்கிறார். தினமும் ஒன்பது மணிக்கு விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய திரையைக் கழற்றத் தங்கை வந்தாள். கழற்றி முடித்ததும் அண்ணி பெட்டி தேட உள்ளே போனாள். கட்டிலுக்கு எதிரே, திரை இருந்த இடத்தில் வெறும் சுவர். அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரி… நீதான் எழுதினியா?"

"ஆமாண்ணா."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"எழுதறப்போ… நான் ஞாபகம் வந்தேனா?"

வந்தாய் என்றால், தெரிந்தே எழுதியிருக்கிறாள். வரவில்லை என்றால், தங்கையின் நினைவில்கூட அவர் இல்லை. முதலாவது பொய், இரண்டாவது உண்மை. எது குறைவாக வலிக்கும் என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கே நிறுத்துகிறேன். அவர் கேட்டுவிட்டார். அவள் இன்னும் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். உங்களுக்கும் ஓர் அண்ணனோ தங்கையோ இருப்பார்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.