வெண்டீங்களா, மனே?

அல்போன்சம்மா ஐஸ் ஹொக்கிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினாள். தலைக்கவசம், கையுறைகள், வியர்வை காய்ந்து விறைத்த காலுறைகள் எல்லாம் தரையில் விழுந்தன. அவள் தேடியது மட்டும் இல்லை.

“உன்ட சட்டை எங்க மனே? பதினாலாம் நம்பர்?”

கண்ணாடி முன் நின்று கறுப்புக் கழுத்துப்பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த றொஷானின் கை அப்படியே நின்றது.

“அது... அரீனாவில கிடக்கு, அம்மா.”

“ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வா. பெட்டி மூட முதல் அப்பாட கையடியில வைக்க வேணும். வேற எதை அந்த மனுசன் ஆசையா வச்சிருந்தவர்?”

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்தான்.

அந்தச் சட்டை கார்த்திகை மாதமே அவனை விட்டுப் போயிருந்தது. ஜூனியர் லீக்கில் அது அவனுடைய முதல் சீசன். சில ஆட்டங்கள் முடிந்ததும் பயிற்சியாளர் தன் அறைக்குக் கூப்பிட்டு, காலில் வேகம் போதாது என்று அணியிலிருந்து நிறுத்தி, சட்டையையும் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அதே கிழமைதான் அப்பா வலன்ரைனுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரியவந்தது.

கம்பளத் தொழிற்சாலையில் வேலை முடிந்த கையோடு, உடுப்பில் நூல் தும்பு ஒட்டியபடி வலன்ரைன் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்துவிடுவார். விதிகள் ஒன்றும் தெரியாது. கண்ணாடித் தடுப்பில் கையால் அடித்து, “விடாத மனே, விடாத!” என்று மட்டக்களப்புத் தமிழில் கத்துவார். கோப்பி குடித்துக்கொண்டிருக்கும் மற்றப் பெற்றோர் திரும்பிப் பார்ப்பார்கள். றொஷான் காது கேளாதவன் மாதிரிச் சறுக்கிப் போவான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். “இண்டைக்கு ஆட்டம் இல்லையா?” றொஷானுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போவதும் திரும்பி வந்து புள்ளிகளைச் சொல்வதுமாகக் குளிர்காலம் முழுவதும் ஒரு சீசனைத் தன் வாயாலேயே ஆடினான். நம்பும்படியாக இடைக்கிடை தோற்கவும் செய்தான். அப்பா தாதிமாரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

புதன்கிழமை பின்னேரம் அவருக்கு மூச்சு இழுத்தது. “நான் நிக்கிறன் அப்பா,” என்றான். “விசர்க் கதை. உன்னை நம்பி அங்க பொடியன்மார் நிக்கிறாங்கள். போ.” அவன் போனான். சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த ஒரு மோலில், பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன உருளைக்கிழங்குப் பொரியலைத் தின்றபடி நேரத்தைப் போக்கினான்.

திரும்பி வந்தபோது திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. அம்மா கட்டிலருகே இருந்தாள். அழுது வீங்கிய முகத்தை நிமிர்த்தி, “வெண்டீங்களா, மனே? கடைசியா அதைத்தான் கேட்டவர்,” என்றாள்.

“ஓம் அம்மா.”

அவள் குனிந்து, இறந்தவரின் காதருகே வாய் வைத்துச் சொன்னாள்: “வெண்டுட்டானாம்.”

சென்ட் லோரன்ட் அரீனாவின் பனித்தளத்தில் சனிக்கிழமைக் காலைப் பயிற்சி முடிந்திருந்தது. உடை மாற்றும் அறையில் பெஜான் இருந்தான்; பதினான்காம் இலக்கத்தை இப்போது போடுபவன் அவன்தான். றொஷான் வந்த காரியத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“உன் அப்பாவா? அந்தக் கத்துகிற மனிதரா?” என்று பெஜான் பிரெஞ்சில் கேட்டான். பிறகு கொக்கியிலிருந்து சட்டையை எடுத்து நீட்டினான். “வைத்துக்கொள். தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.”

பஸ்ஸில் வரும்போது முதுகிலிருந்த பெஜானின் பெயர் உள்ளே போகும்படி அதை இறுக்கி மடித்தான்.

பெட்டி வைத்திருந்த மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. அம்மா சட்டையை வாங்கினாள். மடிப்புச் சரியில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பெட்டியின் மேல் விரித்தாள். தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க லேபல் தைக்கிறவளுக்கு முதுகிலிருந்த எழுத்துகளை வாசிக்கத் தெரியும். அவளுடைய விரல் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெல்லப் போயிற்று.

றொஷான் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. பெயர் அடியில் போக மறுபடி மடித்து, வலன்ரைனின் கைக்கடியில் செருகினாள்.

“பாத்தியளா?” அப்பாவோடு வேலை செய்த மகேந்திரராசா பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். “தகப்பன்ட உயிர் போகக்குள்ள இவன் ஐஸில நிண்டவன். அந்தாள்தான் அனுப்பினவர். வெண்டுபோட்டு வந்தவன்!”

ஆட்கள் வந்து அவன் கையைப் பிடித்தார்கள். சிலர் தோளில் தட்டினார்கள். அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் மெழுகுதிரியின் ஒழுகலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

காரில் மயானத்துக்குப் போகும் வழியில் அவள் யன்னல் பக்கம் திரும்பியபடி கேட்டாள்: “அண்டைக்கு எங்க மனே இருந்த?”

“மோலில.”

“தனியவா?”

“ஓம்.”



நிலம் உறைந்திருந்ததால் வசந்தம்வரை அடக்கம் இல்லை. அதுவரைக்கும் பெட்டி மயானத்துக் கல் அறையில் இருக்கும். உள்ளே ஏற்கெனவே பல பெட்டிகள் தட்டுத் தட்டாகக் காத்திருந்தன. வலன்ரைனையும் ஒரு தட்டில் தள்ளினார்கள். பாதர் செபத்தைச் சுருக்கமாக முடித்தார். குளிருக்குப் பயந்து சனம் கார்களை நோக்கி விரைந்தது.

இரும்புக் கதவு மூட மறுத்தது. அடியில் பனி இறுகிக் கிடந்தது. இரண்டு வேலையாட்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். றொஷான் போய், மினுக்கிய சப்பாத்தால் பனியை உதைத்து உடைத்தான். பிறகு அவர்களோடு சேர்ந்து தோளைக் கொடுத்துத் தள்ளினான். கதவு உரசி உரசி நகர்ந்தது. அது முழுதாக மூடும்வரை அம்மா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி பனிக்குள் நின்றாள்.