ஒடெல் கித்ரியின் மோட்டார்ப் பத்திரம்

செத்து ஏழு மாதமான ஒடெல் கித்ரி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையெழுத்துப் போடுவதற்காகப் படகுப் பத்திர அலுவலகத்தின் வரிசையில் வந்து நின்றார். உடம்பிலிருந்து விரிகுடாத் தண்ணீர் சொட்டியது. பின்னால் நின்றவர்கள் பூட்ஸ் நனையாமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

அவரை வரவழைத்தது அலுவலகம்தான். டெக்சஸில் படகுக்கு ஒரு பத்திரம், பின்னால் தொங்கும் மோட்டாருக்குத் தனிப் பத்திரம். மாட்டுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என்று யோசித்தது எந்த மகா மூளையோ. படகு மனைவி வெர்லீன் பேரில் இருந்தது, மோட்டார் ஒடெல் பேரில். பேர் மாறாமல் அவள் ஓட்டினால் பறிமுதல். ஓட்டாவிட்டால் நண்டுக் கூண்டு இறக்க முடியாது, அடுப்பெரியாது. ஒடெல் புயலோடு போய்விட்டார் என்று இறப்புச் சான்றிதழைக் காட்டியும், சன்னலுக்குப் பின்னால் இருந்த பிரூயிட் என்கிற அரைவேக்காடு ஒரே பாட்டைத்தான் பாடினான்: "ஓனர் நேர்ல வரணும்மா." வெர்லீன் படகுத்துறைக்குப் போய், "கேட்டியா? வந்து தொலை!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்திவிட்டு வந்தாள்.

வந்தவரைப் பிரூயிட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லைசென்சை மட்டும் பார்த்தான்.

"இது காலாவதி ஆயிடுச்சு சார்."

"நானே ஆயிட்டேன் தம்பி."

"அப்ப ரெண்டையும் புதுப்பிச்சிட்டு வாங்க. அடுத்து!"

புதுப்பிக்க முகவரிச் சான்று வேண்டும். அதற்கு வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒடெல் குடியிருந்தார். மெத்தை நனைந்தது, கும்போக் குழம்பில் உப்புக் கூடியது, குறட்டை மட்டும் பழையபடியே இருந்தது. மோட்டார் அவர் பேரிலேயே இருந்ததால் தாராளமாக ஓட்டிக்கொண்டு நண்டுக்குப் போனார். ரோந்துக்காரன் பத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சலாம் வைத்தான். இரண்டு வருடம் ஓடியது. வெர்லீன் திட்டிக்கொண்டே சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு புது லைசென்ஸ் வந்து தொலைத்தது. கையெழுத்து விழுந்ததும் திரும்பிவிடுவதாகத் தண்ணீரிடம் சொல்லிவிட்டு வந்தவர் ஒடெல். கையெழுத்துப் போடப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வெர்லீன் அரத்தை எடுத்துப்போய், மோட்டாரில் பொறித்திருந்த எண்ணை ராவ ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே?"

"துரு."

"துருவா?"

"துருன்னா துரு. நீ போய்க் கூண்டைக் கட்டு."

அவர் போய்க் கூண்டைக் கட்டினார்.

மறுநாள் பிரூயிட் அலுவலகத்துக்கு வெளியே வந்து, அவர்கள் கொண்டுவந்திருந்த மோட்டாரைத் தடவிப் பார்த்தான். தன் வேலையில் அவன் இவ்வளவு அக்கறை காட்டி ஊரில் யாரும் பார்த்ததில்லை. "நம்பர் இல்லாத மோட்டாரை யார் பேருக்கும் மாத்த முடியாதும்மா. விசாரணை நடக்கணும்."

"அதுவரைக்கும்?"

"சார் பேர்லயேதான் இருக்கும்."

விசாரணை இன்னும் நடக்கிறது. அந்த அலுவலகக் கூட்டம் அதை முடிக்கப்போவதில்லை. ஒடெல் நண்டுக்குப் போகிறார். வெர்லீன் தினமும் அவருடைய பாதி மெத்தையை வெயிலில் காயப்போடுகிறாள்.