புற்றுமண் பூச்சு

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கரன்கோவிலில் உரக்கடை நடத்தும் இசக்கித்துரை, தம் ஜப்பானிய மேப்பிள் போன்சாய்க் குறுமரத்தின் பக்கக்கிளை ஒன்றை வெட்டி, வெட்டுவாயில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினார். கிண்ணத்தில் மிஞ்சியதை வலக்கால் பெருவிரலில் இருந்த புண்ணில் அப்பிக்கொண்டார். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. இவ்வளவையும் அவர் மனைவி சண்முகசுந்தரி மொட்டைமாடிப் படியில் நின்று பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமே."

"செருப்பு கடிச்சதுக்கு ஆஸ்பத்திரியாட்டி? சிரிப்பாங்க."

கொடைக்கானலிலிருந்து வந்தபோது அந்தக் கன்று பென்சில் பருமனே இருந்தது. நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்கு அடியில், ஆழமில்லாத தட்டில் வைத்து, கம்பி சுற்றித் தண்டை வளைத்தார்; தளிர்தோறும் ஓரிணை இலையை விட்டு மிச்சத்தைக் கிள்ளினார். நான்கே ஆண்டுகளில் அது ஒரு முழ உயரத்தில் முதிர்ந்த மரத்தின் சாயலைப் பெற்றிருந்தது. வெட்டுவாயை மூடும் பசை தீர்ந்துபோயிருந்தது. புற்றுமண் இருக்கையில் பசை எதற்கு என்று அவர் கருதினார். அந்த வீட்டில் கொப்புளத்துக்கும் அதுதான், பூச்சிக்கடிக்கும் அதுதான்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குள்ளும் காலுறை அணியத் தொடங்கினார். அப்படியொரு வழக்கம் அவருக்கு என்றும் இருந்ததில்லை. துவைக்கக் கேட்டால் தாமே அலசிக்கொள்வதாகச் சொன்னார்.

அவருடைய தம்பி துரைப்பாண்டி மாடிக்கு வந்தான்.

"என்ன அண்ணாச்சி, நம்மூரு வெயில்ல ஜப்பான்காரனைக் கம்பியில கட்டிப் போட்டிருக்கீரு? அவன் சர்க்காருக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வந்துருவாம்லா!" சிரித்தவன் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டான். "கருவாட்டுக்கடை மாதிரி வாடை அடிக்கு."

"மீன் அமிலம்ல. மரத்துக்கு ஊத்தினேன்."

சண்முகசுந்தரி மூலையில் இருந்த மீன் அமில உர டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள். மூடியின் முத்திரை உடைபடவே இல்லை. அவள் பார்வை அவர் காலுறைக்குப் போனது. தம்பியின் முன்னால் கேட்டால் கணவர் முறைத்துக்கொள்வார் என்று அன்று வாயை மூடிக்கொண்டாள். அந்தத் தயக்கத்திலேயே மேலும் சில நாள்கள் போயின.

பிறகு ஒரு காலையில் மேப்பிளின் தளிர்கள் தொங்கின. இலை நுனிகள் கருகிச் சுருண்டிருந்தன. இசக்கித்துரை கத்தி முனையால் காய்ந்த மண்ணைப் பெயர்த்தார். மேலே வெடிப்பு ஏதுமின்றி அழகாக இருந்த பூச்சுக்கு அடியில் பட்டை கறுத்து, ஈரமாய்க் கசிந்தது. நகத்தால் கீறிப் பச்சையைத் தேடினார். அங்கே இல்லை. விரற்கடை கீழே கீறினார். அங்கேயும் இல்லை. கறுப்பு கிளையின் அடிக்கட்டையைக் கடந்து தண்டுக்குள் இறங்கியிருந்தது.

"பச்சை தெரியுத எடத்துல வெட்டிரணும்," என்றார், கடையில் விவசாயிகளுக்குச் சொல்லும் அதே குரலில். "யோசிச்சுக்கிட்டு இருந்தா வேரைத் தொட்டுரும்."

"அப்ப காலைக் காட்டுங்க."

கத்தி அவர் கையில் அப்படியே நின்றது. "மரமும் மனுசனும் ஒண்ணாட்டி?"

"மண்ணு ரெண்டுக்கும் ஒண்ணுதானே பூசுனீங்க?"

அவர் கத்தியை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். சண்முகசுந்தரி தரையில் அமர்ந்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் காலுறையை உருவினாள். அதோடு மண்ணும் தோலும் சேர்ந்து வந்தன. அவர் முகம் சுளிக்கவில்லை. "வலிக்கலியா?" என்றாள். "ஒண்ணும் தெரியலியே," என்றார். அந்தப் பதில்தான் அவளை உலுக்கியது. பெருவிரல் அடிவரை கறுத்திருந்தது. அதிலிருந்து ஒரு சிவப்புக் கோடு புறங்காலைக் கடந்து கணுக்காலை நோக்கி ஏறியிருந்தது.

துரைப்பாண்டியின் காரில் அன்றே திருநெல்வேலிக்குப் போனார்கள். பரிசோதித்த மருத்துவர் காத்திருக்க நேரமில்லை என்றார். அன்று மாலையே வலக்காலின் முன்பாதத்தை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. திறந்து பார்க்கும்போது அழுகல் மேலே ஏறியிருந்தால், முழங்காலுக்குக் கீழே எடுப்பதற்கும் சேர்த்தே ஒப்புதல் கேட்டார்கள். இசக்கித்துரை தலையசைத்தார். சண்முகசுந்தரி இரண்டுக்கும் கையொப்பமிட்டாள்.