ரகசிய நோயாளிகள் வரிசை

சிறைக்குள் எச்.ஐ.வி. மாத்திரை வாங்குகிறவர்கள் யார் யார் என்பது வெளியே கசியக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். அது கிளார்க் கைக்குப் போனதுதான் வினை. மனுஷன் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்து, மருந்து ஜன்னல்களில் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, மேலே பலகை மாட்டினார்: ‘ரகசிய நோயாளிகள் இங்கே நிற்கவும்.’

நர்ஸம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்தும் கொண்டாள். பலகையை எடுக்கச் சொல்லி இரண்டு மனு போட்டாள். முதலாவதற்குப் பதிலே இல்லை. இரண்டாவது மனுவைப் படித்துவிட்டு, எழுத்து மங்கல் என்றுதான் குறை சொல்கிறாள் போலும் என்று கிளார்க் புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்.

பத்து மணியானால் வார்டர் வேறு ஏலக்கடைத் தொண்டையில் கூவுவார்: “ரகசிய பார்ட்டி எல்லாம் வாங்கப்பா!” முந்நூறு தலை திரும்பும். ஏழு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். இரண்டாம் நாளே ஏழு ஆறானது. வராதவர் தையல்காரர், உள்ளே கைதிகளுக்குச் சட்டை தைப்பவர்.

ஒன்பது நாளாக மாத்திரை இல்லை. இன்னும் இழுத்தால், அடங்கிக் கிடந்த கிருமி தலையெடுத்து, அந்த மருந்துக்கே மசியாமல் போகலாம். கையில் கொடுத்துவிடலாமென்றால், ஜன்னலில் கண்ணெதிரே விழுங்கினால்தான் கணக்கு. நர்ஸம்மா தையல்கூடத்துக்கே போய் நின்றாள்.

“ஏன்யா, செத்துப்போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?”

“மெதுவா சிஸ்டர். ஒரே ஒரு நாள் நின்னேன். அன்னிக்கே சாப்பிடறப்போ பக்கத்துல ஒருத்தன் உட்காரல. இன்னும் நாலு வருஷம் இவங்களோடதான் கெடக்கணும்.”

“தொட்டா ஒட்டாதுன்னு எத்தனை தடவைய்யா சொல்றது?”

“எனக்குத் தெரியுது. பலகைக்குத் தெரியலையே.”

மறுநாள் காலை, பிரஷர், சுகர், சொறி, பல்வலி என்று எல்லா மருந்தையும் நர்ஸம்மா அந்த ஒரே ஜன்னலுக்கு மாற்றினாள். வார்டரையும் விடவில்லை.

“அண்ணே, உங்க களிம்பும் இனி இங்கதான்.”

“நான் எதுக்கும்மா வரிசையில?”

“என்ன களிம்புன்னு உங்க மாதிரியே கூவட்டுமா?”

வார்டர் விறுவிறுவென்று போய் வரிசையில் நின்றார்.

கிளார்க் ஓடி வந்தார். “என்னம்மா இது, எண்பது பேரு?”

“எந்த வியாதி சார் ரகசியமில்ல? உங்க பலகைப்படிதான் நடக்குது.”

தையல்காரர் தூரத்தில் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு வந்து, பல்வலிக்காரனுக்கும் வார்டருக்கும் நடுவில் நுழைந்துகொண்டார். அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் வார்டர் மேல்தான்.

மாத்திரை உள்ளே இறங்கியது. நர்ஸம்மா நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள்.

“ஒன்பது நாள் விட்ட லட்சணம் ரத்தத்துல தெரியும். நாளைக்கு டாக்டரப் பாக்கணும்.”

“அதுக்கு எந்த வரிசை சிஸ்டர்?”

“இதே எழவு வரிசைதான்யா! நகருங்க, பின்னால வார்டர் நெளியறாரு.”