பொள்ளாச்சியில் தங்கியிருந்த குரல்

நான் வீட்டில் பதிவு செய்யும் ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று பிரதிகள் உண்டு. ஒன்று என் கணினியில் இருக்கும். இரண்டாவது எதிர்வீட்டு ரெபெக்கா டீச்சரிடம் தங்கும். மூன்றாவது வெளியூரில் தங்கும்; சென்ற ஆண்டுப் பாட்டுக்கு அது பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், கண்டியப்பன் என்பவரின் தேங்காய்க் களம். திருப்பூரில் வீட்டுக்குள் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறோம். பிரதிகள் சாப்பிடுவதில்லை. படுக்க ஒரு பாயும் ஈரமில்லாத அறையும் இருந்தால் போதும்.

சென்ற ஆண்டு என் மனைவி பிரேமலதாவுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை என்று முடிவானது. அதற்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்தோம். வரிகளும் மெட்டும் அவளுடையவை. அறை எதிரொலிக்கக் கூடாது என்பதற்காகப் பீரோவைத் திறந்து வைத்து, அடுக்கியிருந்த புடவைகளைப் பார்த்து நின்றபடி பாடினாள். ஃபேனை நிறுத்தியிருந்ததால் அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. சிகிச்சைக்குப் பிறகு பேச்சு திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை.

கண்டியப்பனை அந்த மருத்துவமனையில்தான் சந்தித்தோம். பக்கத்துக் கட்டிலில் அவருடைய மனைவி சரஸ்வதி இருந்தார்.

"எங்க களத்துல ஒரு ரூம் சும்மாதானுங்க கெடக்குது. கொப்பரை காயற எடம், ஈரமே அண்டாது. அனுப்பி வைங்க" என்றார் அவர்.

முழுப் பாட்டையும் ஒரே ஆளாக அனுப்பினால் பின்னால் எதையும் திருத்த முடியாது. அதனால் ஏழு ஆட்களாகப் பிரித்துப் பல்லடம் வழியாகப் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டேன். தபலா, பேஸ் கிதார், சாதாரண கிதார் இரண்டு, கீபோர்டு, புல்லாங்குழல், பிரேமலதாவின் குரல். வேகம் என்ன, சுருதி என்ன, யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்று ஒரு சீட்டில் எழுதித் தபலாவின் சட்டைப் பையில் வைத்தேன். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். புல்லாங்குழலுக்கு மூன்றாவது நிமிடத்தில்தான் வேலை. ஆனாலும் முதலிலிருந்தே அது மற்றவர்களோடு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

அதன் பிறகு ஒரு வருடம் பிரேமலதா அந்தப் பாட்டைக் கேட்கவே இல்லை. நானும் போடவில்லை. சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தோசைக் கல்லை இறக்கி வைத்துவிட்டு வந்து, "இன்னிக்கு அதைக் கேக்கலாம்னு இருக்குதுங்க" என்றாள்.

கணினியைப் போட்டேன். உள்ளே நான்கு முறை டக் டக் என்று சத்தம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டார்.

"உள்ள யாருமே இல்லீங்கண்ணா" என்று திருப்பிக் கொடுத்தார்.

எதிர்வீட்டுக்குப் போனோம். ரெபெக்கா டீச்சரிடம் இருந்த பிரதி மிகவும் விசுவாசமானது. வந்த நாளிலிருந்து ஜன்னலில் உட்கார்ந்து எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் ஒரு வரியை வெட்டினால் அதே நொடியில் தானும் வெட்டிக்கொள்ளும். நான் ஒரு தாளத்தைச் சேர்த்தால் தானும் சேர்த்துக்கொள்ளும். இப்போது அது பாயில் கிடந்தது. தலைக்கு டீச்சர் ஒரு தலையணை வைத்திருந்தார்.

"காலைல உங்க வீட்ல அது நின்ன அதே நிமிஷம் இதுவும் படுத்திருச்சு சார். பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், தண்ணி தெளிச்சேன். எந்திரிக்கவே இல்ல" என்று டீச்சர் அழுதார்.

பிரேமலதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருடம் ஜன்னலோரம் இடம் கொடுத்ததற்கு நன்றி சொன்னோம். பார்த்துப் பார்த்து அப்படியே செய்வது வேறு, பத்திரமாக வைத்திருப்பது வேறு என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததற்கு டீச்சர் என்ன செய்வார்.

மறுநாள் பொள்ளாச்சிக்குக் கிளம்பினோம். எனக்குப் பயமாக இருந்தது. போய்ப் பார்க்காமல் விட்ட பிரதிகள் மெல்ல மெல்ல மறந்துவிடும். என்னோடு சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் பத்து மாதம் கழித்துத் தன் பிரதியைப் பார்க்கப் போனார். அது அவரை வரவேற்று உட்கார வைத்து, முன்பின் தெரியாத யாருடைய பாட்டையோ பாடியது. இதை நான் பிரேமலதாவிடம் சொல்லவில்லை. அவள் பேருந்தில் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

களம் முழுக்கத் தேங்காய் மூடிகள் காய்ந்துகொண்டிருந்தன. கொட்டகை நிழலில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் இரண்டு முறை எண்ணினேன். ஆறு பேர்தான்.

"குரல் எங்கீங்க?" என்று கேட்டேன்.

"சரசு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காளுங்க. பக்கத்துத் தோட்டத்துல மொளகா காயப் போட்டிருக்காங்க. நெடி தொண்டைக்கு ஆகாதுல்லீங்க" என்றார் கண்டியப்பன்.

பிரேமலதா பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

சரஸ்வதி குரலின் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி வெளியே அழைத்துவந்தார். களத்தின் ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தது. ஏழு பேரும் சொல்லாமலே அதில் வந்து நின்றார்கள். கண்டியப்பன் சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்தார். அது மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டியிருந்தது.

"ஞாயித்துக்கெழம தவறாம ஒருக்கா பாட வெச்சுருவேனுங்க. சீட்டுல இருக்கற மாதிரியே இருக்குதான்னு பாத்துக்குவேன். ஒரு நாள் கிதார்ல ஒருத்தன் சுருதி எறங்குன மாதிரி இருந்துச்சு. பதறிப் போய் மொத நாள்ல இருந்து நெனச்சுப் பாத்தேன். நீங்க வாசிச்சதே அப்பிடித்தானுங்க."

"ஆமாங்க" என்றேன்.

அவர் கையைத் தட்டினார். பாட்டு தொடங்கியது. இரண்டாவது வரியின் நடுவில் குரல் லேசாக மூச்சு வாங்கியது. பதிவின்போது அந்த மூச்சை நீக்கிவிடலாம் என்று நான் நினைத்து, நேரமில்லாமல் விட்டிருந்தேன்.

"அந்த மூச்சு ஒரு வாரமும் எடம் மாறுனதில்லீங்க" என்று சரஸ்வதி மெதுவாகச் சொன்னார்.

பிரேமலதா தலையசைத்தாள். அடுத்த முறை அந்த வரி வந்தபோது, அதே இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள். மூன்றாவது நிமிடத்தில் புல்லாங்குழல் வாயைத் திறந்தது. பாட்டு முடிந்ததும் குரல் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றது. அந்தப் பாட்டின் வார்த்தைகளைத் தவிர அதற்கு வேறு பேச்சு தெரியாது. பிரேமலதா எழுந்துபோய் அதன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பாடியிருக்கேன்" என்றாள். பிறகு கண்டியப்பனையும் சரஸ்வதியையும் பார்த்துக் கைகூப்பினாள்.

மதியத்துக்குள் ஏழு பேருக்கும் புதிய பிரதிகள் எடுத்தோம். பழையவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். கண்டியப்பனிடம் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் குனிந்து ஒரு தேங்காய் மூடியைத் திருப்பி வைத்தார்.

"வர்ற வியாழக்கெழம எனக்குக் கோயமுத்தூர்ல நெஞ்சு ஆப்பரேசனுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பிரேமலதா, "எங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தானுங்கண்ணா இருக்குது. ஈரமெல்லாம் இல்லீங்க" என்றாள்.

சரஸ்வதி உள்ளே போய், தேய்த்த வெள்ளைச் சட்டை போட்ட இன்னொரு கண்டியப்பனை, அவருடைய பிரதியை, கைபிடித்து அழைத்துவந்தார். அவரோடும் புதிய ஏழு பேரோடும் பேருந்தில் ஏறினோம்; கூட்டமில்லை. அவருக்கு ஜன்னலோரம் பிடிக்கும் என்று சரஸ்வதி சொல்லியிருந்தார். பிரேமலதா எழுந்து இடம் கொடுத்தாள். பல்லடம் வரும்வரை அவர் அவளிடம் தென்னை வாடல் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.