சூடேறாத இன்ஜின்

படகுத்துறையில் அந்த மெக்கானிக்குக்கு ‘டாக்டர்’ என்று பட்டப்பெயர். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாத நாளில் அவரே சொல்லிக்கொள்வார்.

போன வாரம் பயணிகள் படகின் முதலாளி அவரைக் கூப்பிட்டார். “பெட்ரோல் தண்ணியா செலவாகுது. இன்ஜின்ல கோளாறா, இல்ல ஓட்டுற ஆளோட கைவரிசையா?”

படகு ஓட்டியவர் டாக்டரின் தங்கை புருஷன். டாக்டர் இன்ஜின் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. “நான் கை வெச்ச இன்ஜின். அதுல குறை இருக்காது. பெட்ரோல் எங்க போகுதுன்னு மாப்பிள்ளையைத்தான் கேக்கணும்” என்று நாலு பேர் முன்னால் சொன்னார். சொந்தபந்தம் பார்க்காமல் நியாயம் பேசினாராம்! அன்றைக்கே மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. திருடன் என்ற பேர் வந்து ஒட்டிக்கொண்டது. தங்கை அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இன்றைக்கு அதே படகு பட்டறையில் நிற்கிறது. நாளைக்குப் புது ஓட்டுநர் வருகிறார், அதற்குள் இன்ஜின் கக்கும் கரும்புகையை நிறுத்த வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது, அதில் சந்தேகமில்லை. காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது. பெட்ரோல் அழுத்தம் சரி. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எதுவும் ஒழுகவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். வெகுநேரம் ஓடியும் இன்ஜினுக்குச் சூடே ஏறவில்லை என்று காட்டியது. சூடு ஏறாதவரை இன்ஜின் தன் பாட்டுக்குக் கூடுதல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். சூட்டை அளக்கும் சென்சார் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி, புதுசு மாட்டினார். அதுவும் அதையே சொன்னது.

“நீயும் புளுகுறியா?” என்று திட்டிக்கொண்டே இன்ஜின் மேல் கையை ஊன்றினார். சுடவில்லை. வெறும் வெதுவெதுப்புதான்.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டைத் திறந்தார். இன்ஜின் சூடாகும்வரை குளிர்ந்த நீரை உள்ளே விடாமல் தடுத்து வைக்கிற சின்ன அடைப்பான்தான் தெர்மோஸ்டாட். கூடு காலியாக இருந்தது.

கழற்றியவர் அவரேதான். முன்னொரு தடவை அது மூடியபடியே இறுகிப்போய் இன்ஜின் கொதித்தபோது, புதுசு வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று பழசைத் தூக்கி எறிந்திருந்தார். புதுசு எப்போதோ வந்துவிட்டது. அதோ, அலமாரியில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

டாக்டர் உறையைப் பிரித்தார். பேசாமல் மாட்டிவிட்டு, சென்சார்தான் கோளாறு என்று சொன்னால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியப்போவதில்லை. மாட்டவும் செய்தார். போல்ட்டை முறுக்கும்போதுதான் உறைத்தது: நாளையிலிருந்து பெட்ரோல் மிச்சமாகும். பழைய ஆள் போனதும் செலவு குறைந்தது பார் என்பார் முதலாளி. மாப்பிள்ளை மேல் போட்ட பழி அதோடு ருசுவாகிவிடும்.

எண்ணெய்க் கையைத் துடைக்காமலே முதலாளியிடம் போனார். அங்கே அதே நாலு பேரும் இருந்தார்கள். “மாப்பிள்ளை மேல தப்பில்ல. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டு மாட்ட மறந்தது நான்தான். இன்ஜினைப் பாக்காமலே அவரைச் சொல்லிட்டேன்” என்றார். ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. “நாளைக்கு அவனையே வரச்சொல்லு. இனி உன் வாயை நம்பி நான் எதுவும் பண்ண மாட்டேன்” என்றார்.

தங்கை வீட்டில் கதவைத் திறந்தது மாப்பிள்ளை. டாக்டர் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அடித்தாலும் சரி என்று இருந்தது அவருக்கு.

 மாப்பிள்ளை மெல்லச் சொன்னார்:

“ராத்திரி யாரோ பெட்ரோலை உறிஞ்சிட்டுப் போறாங்கன்னு நெனச்சு, வேலை போறவரைக்கும் படகுலயே படுத்துக் காவல் காத்தேன் மச்சான். நீங்க பாத்த இன்ஜின்ல தப்பிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.”